நர்சரிக்காரர் சொல் சான்றாகுமா?

வானகரத்தில் பைபாஸ் பாலத்தைத் தாண்டி பூந்தமல்லி பக்கம் போகிறவர், சாலையோரச் செடிக் கடை ஒன்றில் வண்டியை நிறுத்தி 'மஞ்சள் கரிசலாங்கண்ணி இருக்கா?' என்று கேட்டால், 'இருக்கு சார்' என்ற பதிலோடு ஒரு கறுப்புக் கவர் கைக்கு வரும். தரையோடு படரும் கொடி, பளபளப்பான இலை, இலையின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும் மடல், ஆரஞ்சுச் சாயல் கொண்ட மஞ்சள் பூ. வாங்கியவர் அதைத் தொட்டியில் வைத்து, தழைத்ததும் பறித்துக் கூட்டு வைப்பார். பல நேரம் அவர் சாப்பிடுவது கரிசலாங்கண்ணியே இல்லை. அது ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. கரீபியத் தீவுகளும் மத்திய, தென் அமெரிக்காவும் அதன் பூர்விகம். அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, அபார்ட்மென்ட் மதிலோரங்களில் புல்லுக்குப் பதிலாகப் பரப்பப்படுகிறது. உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவி இனங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இதற்கும் இடம் உண்டு. நம் வைத்தியர்கள் சொல்லும் மஞ்சள் கரிசலாங்கண்ணி இதற்குத் தங்கை முறை: ஸ்பாக்னெட்டிகோலா கேலண்டுலேசியா. அதன் இலை நீண்டு குறுகியிருக்கும், மடல் கிடையாது, ஈரம் நிற்கும் வரப்போரங்களில் வளரும்.

இலையைப் பார்த்த மாத்திரத்தில் இந்த வித்தியாசத்தைச் சொல்லக்கூடியவர்கள் இரண்டு வகை. தாவரவியல் படித்தவர்கள் ஒரு வகை. இரண்டு செடியையும் பதியன் போட்டு, தண்ணீர் விட்டு, பூச்சி பார்த்து வளர்த்தவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் எழுதுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதுவும் அவர்களுக்குள் படித்துக்கொள்ள. இரண்டாம் வகையினர் எழுதுவதே இல்லை. நடுவில் செல்போனில் தேடுகிற சாதாரண ஆளுக்கு ஒரு செடியின் பெயரும் இன்னொரு செடியின் படமும் சேர்ந்து கிடைக்கின்றன. அதையே தேடுபொறியும் எடுத்துச் சொல்கிறது. இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் அதையே படித்துவிட்டு, இன்னும் கூடுதல் தன்னம்பிக்கையோடு ஒப்பிக்கின்றன.

தமிழ் விக்கிப்பீடியாவுக்கு இன்று அவசரமாகத் தேவைப்படுவது இந்த இரண்டாம் வகை மனிதர்கள்தான் என்பது என் கட்சி. ஆனால், 'வாருங்கள், எழுதுங்கள்' என்று கூப்பிட்டுவிட்டால் ஆயிற்றா? அவர்கள் எழுதியது அங்கே நிற்க வேண்டுமானால், கையில் காட்டுவதற்கு அச்சில் வந்த ஒரு பக்கம் வேண்டும். அந்தப் பக்கம் பெரும்பாலும் நம் வரிப்பணத்தில் அச்சாகி, எங்கோ ஓர் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. பிரச்சினையின் முடிச்சு அங்கேதான் விழுந்திருக்கிறது. நர்சரிக்காரரின் வயதிலோ படிப்பிலோ இல்லை.

வயதைச் சாக்காகச் சொல்கிறவர்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவின் கதையே பதில். 2003 செப்டம்பரில் அது தொடங்கியபோது, அடுத்த சில ஆண்டுகள் அதைத் தோளில் சுமந்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். தொழில் கட்டடக் கலை. வாசம் ஐக்கிய அரபு அமீரகம். அந்த உழைப்புக்காகவே கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-க்கான இயல் விருதை அவருக்குக் கொடுத்தது. செங்கைப் பொதுவன் எழுபதைக் கடந்த தமிழறிஞராக உள்ளே வந்து, சங்கப் புலவர்களைப் பற்றியும் பாடல்களைப் பற்றியும் எழுதிக் குவித்தார். இப்படிப் பலர் சேர்ந்து இழுத்த தேர் 2017 மே மாதம் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது. இப்போது ஒன்றரை லட்சத்தையும் தாண்டிவிட்டது. இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் ஆள் கிடைத்த அளவுக்குத் தோட்டத்துக்கு ஆள் சேரவில்லை என்பதுதான் குறை.

சேராததால் என்ன நடந்தது? செடிகளைப் பற்றிய பல கட்டுரைகள் நாலு வரியில் நிற்கின்றன. இன்ன குடும்பம், இன்ன நாடு, இத்தனை அடி வளரும். அதற்கு மேல் நீளும் சிலவற்றில் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது. இணையத்தில் பொதுவாகவே தோட்டம் பற்றித் தமிழில் கிடைப்பதைப் படித்துப் பாருங்கள். 'கடைசி உறைபனி கழிந்த பிறகு விதைக்கவும்' என்று இருக்கும். திருவள்ளூர் மாவட்டத்தில் உறைபனி எங்கே வந்தது? இங்கே செடியைக் கொல்வது அக்னி நட்சத்திரம். அதற்கடுத்து ஐப்பசி, கார்த்திகையில் தொட்டியில் தேங்கும் தண்ணீர். ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று கணக்குப் போட்டு விதைக்கிற ஊரில், வேறொரு அட்சரேகையின் நாள்காட்டியைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தால் அது யாருக்கு உதவும்? இதைப் படித்தவுடன் சிரித்துவிட்டுத் திருத்தக்கூடியவர் செடியோடு பழகியவர் மட்டுமே.

பெயர்க் குழப்பத்துக்கு இந்த வட்டாரத்தில் இன்னொரு காரணமும் உண்டு. சென்னை நர்சரிகளில் நிற்கும் அழகுச் செடிகளில் கணிசமானவை ஆந்திரத்தில் ராஜமுந்திரி அருகே உள்ள கடியத்திலிருந்து லாரி ஏறி வருகின்றன. வரும்போது தெலுங்குப் பெயரோ, வியாபாரிகள் வைத்த ஆங்கிலப் பெயரோ ஒட்டிக்கொண்டு வரும். இறங்கிய இடத்தில் செடிக்காரர் வாடிக்கையாளருக்குப் புரிகிற மாதிரி ஒரு பெயர் வைப்பார். சிவப்புத் தண்டோடு கீரைக்கட்டு போல நிற்பதெல்லாம் 'சிவப்புப் பொன்னாங்கண்ணி' ஆகிவிடும். வயலோரம் தானாக முளைக்கும் நாட்டுப் பொன்னாங்கண்ணி ஆல்டர்னாந்திரா செசிலிஸ். சிவப்பாக விற்பது தென் அமெரிக்காவிலிருந்து வந்த அதன் உறவுக்கார இனங்களில் ஒன்று. இரண்டும் ஒரே பெயரில் புழங்குவதில் வியாபாரத்துக்கு நஷ்டம் இல்லை. ஆனால், ஒரு கலைக்களஞ்சியம் அப்படிப் புழங்க முடியாது.

வானகரத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வுபெற்றவர். இப்போது மகன் பெயரில் சின்ன நர்சரி. உண்மையில் நடத்துவது அவர்தான். மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்கு செம்மண்ணோடு தேங்காய்நார்த் தூள் எவ்வளவு, மண்புழு உரம் எவ்வளவு என்று சொல்லிக்கொடுப்பார். காசு வாங்க மாட்டார். விக்கிப்பீடியாவில் செடிகளைப் பற்றி எழுதலாமே என்று அவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"எழுதலாம் தம்பி. பேசுனா போன் தானா எழுதிக்குதுன்றான் என் பேரன். அப்புறம் என்ன கஷ்டம்?"

"நீங்க எழுதுறதுக்கு ஆதாரம் கேப்பாங்க, அண்ணே. எந்தப் புத்தகத்துல இருக்குன்னு."

ஒரு ரோஜாச் செடியைத் திருப்பி, இலைக்கு அடியில் விரலை ஓட்டி, ஒட்டியிருந்த மாவுப்பூச்சியை நசுக்கினார். "இவ்வளவு வருசமா இதுங்களோடதான் இருக்கேன். நான் சொன்னா அது கதை, புக்குல இருந்தா உண்மையா?"

நியாயமான கேள்வி. இதற்கு 'விதி அப்படி' என்று சொல்லிவிட்டு நழுவ எனக்கு மனம் வரவில்லை. விதி ஏன் அப்படி என்பதையும், அது எங்கே வளையும், எங்கே வளையாது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

'தொகு' பொத்தானை அழுத்தினால்

அவரைப் போன்ற ஒருவர் முதன்முதலாக எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லிவிடலாம். கணக்கு தொடங்குவது இரண்டு நிமிட வேலை. சுவர்க்கோழி மாதிரி ஓரமாக இருந்து பார்க்க விரும்புகிறவருக்கு 'மணல்தொட்டி' என்ற பயிற்சிப் பக்கம் உண்டு. அதில் எதை எழுதினாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சந்தேகம் கேட்க 'ஒத்தாசைப் பக்கம்'. ஊர்ப் பொதுப் பேச்சுக்கு 'ஆலமரத்தடி'. இத்தனையும் தமிழிலேயே இருக்கின்றன. தைரியம் வந்ததும் அவர் 'தொகு' என்பதை அழுத்துவார். எதைப் பற்றி எழுதுவார்? தனக்கு நன்றாகத் தெரிந்ததை. 'மாவுப்பூச்சி வந்தால் வேப்ப எண்ணெயில் காதி சோப்பைக் கரைத்துச் சாயங்காலம் தெளியுங்கள். என் அனுபவத்தில் இது கைகண்ட மருந்து.' கடைசியில் நல்லெண்ணத்தோடு போன் நம்பரும் போடுவார்.

மறுநாள் பார்த்தால் அது இருக்காது. நீக்கியவர் மேல் தப்பில்லை. கலைக்களஞ்சியம் செய்முறைக் கையேடு இல்லை. 'என் அனுபவத்தில்' என்பதற்கு அங்கே இடமில்லை. போன் நம்பர் விளம்பரம். மூன்று விதிகளும் காரணத்தோடு வந்தவை. ஆனால், எழுதியவருக்கு அது எப்படிப் படும்? வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே போய் வருவதற்குள் யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்ட மாதிரி இருக்காதா? ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுகிறவர்களின் எண்ணிக்கை 2007-ல் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கியது. புதியவர்கள் எழுதியதை மளமளவென்று நீக்கியது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஆங்கிலத்துக்கு ஆள் பஞ்சம் இல்லை, தாங்கும். தமிழ் தாங்காது.

விதியைக் குறை சொல்கிறவர்கள் ஒரு பழைய சங்கதியைப் பார்க்க வேண்டும். விக்கிப்பீடியாவுக்கு முன்னால், 2000-ஆம் ஆண்டு, அதை நிறுவிய ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் நுப்பீடியா என்ற ஒன்றை நடத்தினார்கள். நிபுணர்கள் மட்டுமே எழுதலாம். ஏழு கட்டச் சரிபார்ப்பு. மூன்று ஆண்டில் முழுதாகத் தேறியவை இரண்டு டஜன் கட்டுரைகள்தான். யாரும் எழுதலாம் என்று 2001 ஜனவரியில் கதவைத் திறந்த பிறகே அந்த முயற்சி காட்டாறாகப் பெருகியது. யாரும் எழுதலாம் என்றால், எழுதுகிறவர் யார் என்பதை வைத்து நம்ப முடியாது. எழுதியதற்கு என்ன சான்று என்பதை வைத்துத்தான் நம்ப முடியும். பட்டம் பெற்ற பேராசிரியருக்கும் நர்சரிக்காரருக்கும் அங்கே ஒரே தராசு. இதில் ஒரு சமத்துவம் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த கலைக்களஞ்சியம் துறை அறிஞர்களைத் தேடிப்போய் எழுதி வாங்கியது. அங்கே ஒரு செடிக்காரருக்கு நாற்காலி கிடைத்திருக்காது. இங்கே நாற்காலி இருக்கிறது. கையில் புத்தகம்தான் இல்லை.

அச்சில் வந்ததெல்லாம் வேதம் என்றும் யாரும் நினைத்துவிட வேண்டாம். கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் காமாலை என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வரும் செடி. நம் நாட்டுத் தாவர நூல்கள் பலவும் நெடுங்காலம் இதை பில்லாந்தஸ் நிரூரி என்றே எழுதின. 1950-களில் அமெரிக்கத் தாவரவியலர் கிரேடி வெப்ஸ்டர் இந்தச் செடிக் குடும்பத்தைத் துருவி ஆராய்ந்த பிறகு, உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி என்பதும், நம் வரப்பில் பறிப்பது பில்லாந்தஸ் அமாரஸ் என்பதும் தெளிவாயின. இன்றும் மருந்து டப்பாக்களிலும் பல புத்தகங்களிலும் பழைய பெயரே ஓடுகிறது. இதே தோற்றத்தில் இன்னும் சில இனங்கள் ஒரே பாத்தியில் கலந்து முளைக்கும். அமாரஸின் காய் வழுவழுப்பாக இருக்கும். தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாக இருந்தால் அது பில்லாந்தஸ் யூரினேரியா. களை பறிக்கும் கைகளுக்கு இது தெரியும். எந்தப் பெயரில் எது என்பதை மட்டும் புத்தகம் சொல்லித்தர வேண்டும். ஆக, இரண்டு வகையினரும் ஒருவருக்கொருவர் தேவைப்படுகிறார்கள்.

இட்டி அச்சுதன் கொடுத்த வாக்குமூலம்

செடி தெரிந்தவரின் வாய்ச்சொல் சான்றாக ஏறியதே இல்லையா? ஏறியிருக்கிறது, முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' என்ற பன்னிரண்டு தொகுதிப் பெருநூலை உருவாக்கியபோது, செடிகளின் பெயரையும் பயனையும் சொன்னவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். தன் குடும்பச் சுவடியிலிருந்து தகவல் கொடுத்ததாக 1675-ல் அவர் அளித்த வாக்குமூலம், 1678-ல் வெளியான முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கிறது. ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூவரின் சான்றும் கூடவே இருக்கிறது. அச்சுதனின் சுவடி இன்று இல்லை. அச்சேறிய வாக்குமூலம் இருக்கிறது. லத்தீனில் உறைந்து கிடந்த அந்த நூலை ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டு ஆங்கிலத்துக்கும் மலையாளத்துக்கும் கொண்டுவந்தவர் தாவரவியலர் கே. எஸ். மணிலால்.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. இதே பூந்தமல்லி நெடுஞ்சாலை கிழக்கே நகரத்துக்குள் நுழையும் இடத்தை ஒட்டிய வேப்பேரியில் வாழ்ந்து 1836-ல் மறைந்த ஜோஹன் பீட்டர் ராட்லர், பாதிரியார், தாவரவியலர், அகராதிக்காரர் மூன்றுமாக இருந்தார். அவருடைய தமிழ்-ஆங்கில அகராதி அவர் காலத்திலும் அவருக்குப் பின்னும் பகுதி பகுதியாக வெளிவந்தது. அவருக்கு ஊர்ச் செடிகளின் பெயரைச் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள்தானே? அவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அச்சுதன் பெயர் தெரிகிறது. காரணம், ஒருவர் அவர் சொன்னதை எழுதி, அச்சிட்டு, அவர் சொன்னதாகவே பதிந்தார். செய்ய வேண்டிய வேலை அதுதான்.

விக்கிப்பீடியா உலகமும் இந்தப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்தது. பெங்களூரைச் சேர்ந்த அசல் பிரபாலா 2011-ல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் துணையோடு ஒரு பரிசோதனை நடத்தினார். மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செப்பேடி ஆகிய மொழிகளில் புத்தகத்தில் ஏறாத விஷயங்களை, அவற்றை அறிந்தவர்களிடம் பேசிப் பதிவுசெய்து, அந்த ஒலிப்பதிவையே சான்றாக வைத்துக் கட்டுரை எழுதிப் பார்த்தார்கள். யோசனை நல்ல யோசனை. ஆனால், அது பொது வழக்கமாக நிலைபெறவில்லை. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பேசிப் பதிவேற்றிவிட்டுச் சான்று என்பார்களே என்ற பயத்தை என்னாலும் ஒதுக்கித்தள்ள முடியவில்லை. 'அத்தனை நோய்க்கும் ஒரே மூலிகை' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒலிப்பதிவுகளைக் கேட்டவர்களுக்கு அந்தப் பயம் புரியும்.

அப்படியானால் நர்சரிக்காரருக்கு வழி அடைபட்டுவிட்டதா? இல்லை. ஒரு பக்கவாட்டுக் கதவு திறந்தே இருக்கிறது: படம். சொந்த ஆய்வு கூடாது என்கிற விக்கிப்பீடியா, சொந்தமாக எடுத்த படத்தை இரு கை நீட்டி வரவேற்கிறது. விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றும் படத்துக்குப் புத்தகச் சான்று வேண்டியதில்லை. நீங்களே எடுத்தது என்ற உறுதியும், யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமமும் போதும். செடி தெரிந்தவர் எடுக்கும் படத்துக்கும் மற்றவர் எடுக்கும் படத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மற்றவர் பூவை மட்டும் எடுப்பார். செடிக்காரர் இலையின் அடிப்பக்கத்தை எடுப்பார். கணுவை, காயை, பிளந்த விதையை எடுப்பார். நாற்றாக நிற்கும்போது ஒன்று, பூக்கும்போது ஒன்று, நோய் கண்டபோது ஒன்று என்று ஆண்டு முழுக்க எடுக்க அவரால் மட்டுமே முடியும். இரண்டு கரிசலாங்கண்ணி இலைகளையும் ஒரே தாளின் மேல் பக்கத்தில் பக்கமாக வைத்து எடுத்த ஒரு படம், ஒரு பக்கக் கட்டுரை செய்யாத வேலையைச் செய்யும். 2007-ல் ஜே. எம். கர்க் தொடங்கிய இணையக் குழு ஒன்று, நாடு முழுவதும் உள்ள ஆர்வலர்கள் அனுப்பும் செடிப் படங்களை நிபுணர்கள் பார்த்துப் பெயர் சொல்லும் ஏற்பாடாக வளர்ந்து, இந்தியத் தாவரங்களுக்கு ஒரு பெரிய களஞ்சியமாகவே ஆகிவிட்டது. கேரளத்தில் வினயராஜ் என்ற விக்கிப்பீடியர் செடிகொடிகளை ஆயிரக்கணக்கில் படமெடுத்துப் பொதுவகத்தில் சேர்த்திருக்கிறார். 2011-12-ல் தமிழ் விக்கி ஊடகப் போட்டி நடந்தபோதும் படங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. எனக்குப் போட்டிகள் மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. பரிசு இருக்கும் வரை எண்ணிக்கை ஏறும். பரிசு முடிந்த மறுநாள் களம் காலி. இருந்தாலும், கையில் கேமரா இருப்பவர்களுக்கு ஒரு கதவைக் காட்டியதற்காக அதை மெச்சலாம்.

ஓர் எச்சரிக்கை மட்டும்: வாட்ஸ்அப்பில் வந்ததையும் கூகுளில் எடுத்ததையும் ஏற்றினால் உடனே தூக்கிவிடுவார்கள். அதில் தாட்சண்யம் கிடையாது.

பூட்டிய அலமாரி

படம் ஒரு பாதி. எழுத்து என்று வந்தால் மறுபடியும் புத்தகத்திடம்தான் போய் நிற்க வேண்டும். தமிழ்நாட்டுச் செடிகளுக்குப் புத்தகம் இல்லையா என்றால், இருக்கிறது, மலைபோல இருக்கிறது. கேம்பிள் 1915-ல் தொடங்கி, அவருக்குப் பின் ஃபிஷர் 1936-ல் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் இருக்கிறது. திருச்சி ராபினாட் தாவரகத்தில் அமர்ந்து கே. எம். மாத்யூ பாதிரியார் 1980-களில் கொண்டுவந்த தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதித் தாவர நூல் இருக்கிறது. எல்லாம் ஆங்கிலம். தமிழில் பி. எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்', கு. சீநிவாசனின் 'சங்க இலக்கியத் தாவரங்கள்' போன்றவை உண்டு. அவை இலக்கியத்தின் வழியாகச் செடியைப் பார்க்கிறவை.

தோட்டக்காரருக்கு வேண்டியது வேறு. 1868-ல் சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1906-ல் கோவைக்குக் குடிபெயர்ந்து, 1971-ல் வேளாண் பல்கலைக்கழகமான நிறுவனம் தமிழில் வெளியிட்ட துண்டறிக்கைகள், கையேடுகள், 'உழவரின் வளரும் வேளாண்மை' இதழ்கள் ஆகியவைதான் அவருக்குச் சரியான சான்று. உதாரணம் சொல்கிறேன். 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி கோவைப் பக்கம் முதலில் தலைகாட்டியது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று கண்டதையெல்லாம் வெள்ளையடித்தது. மருந்து அடித்து மாளவில்லை. 2010-ல் போர்ட்டோரிகோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற கடுகளவுகூட இல்லாத ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து, பெருக்கி, வயல்களில் விட்டார்கள். பூச்சி அடங்கியது. தமிழ்நாட்டு வேளாண்மையின் அருமையான வெற்றிகளில் இது ஒன்று. இதைப் பற்றி விவசாயிகளுக்குத் தமிழில் அச்சடித்துக் கொடுத்த தாள்கள் எத்தனை பேர் வீட்டில் பத்திரமாக இருக்கும்? பயிற்சி வகுப்பில் வாங்கிய கையேடு அடுத்த பொங்கலுக்குப் பழைய பேப்பர்காரரிடம் போய்விடுகிறது.

மேற்கோள் காட்டுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பது உண்மை. ஆனால், காட்டுவதற்குப் புத்தகம் கையில் இருக்க வேண்டும். படிக்கிறவர் போய்ச் சரிபார்க்கவும் அது கிடைக்க வேண்டும். அதிலுள்ள படத்தையோ பத்தியையோ எடுத்துப் பயன்படுத்த வேண்டுமென்றால் உரிமம் குறுக்கே நிற்கும். 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி அரசு வெளியீடுகளுக்கு வெளியான ஆண்டு கழிந்து 60 ஆண்டுக் காப்பு உண்டு. மாடித்தோட்டம் போட நீங்களே செய்து பாருங்கள் என்று 2013 வாக்கில் சென்னையிலும் கோவையிலும் அரசே மானிய விலையில் பைகளும் விதைகளும் கொடுத்ததே, அதோடு வந்த கையேட்டை ஒருவர் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் ஏற்ற வேண்டுமென்றால், சட்டத்தை அப்படியே பின்பற்றினால் 2070-களுக்குக் காத்திருக்க வேண்டும்!

இந்த விஷயத்தில் தமிழ்நாடு அரசுக்குப் புதிதாகப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கி, குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து, படைப்பைப் பொதுவில் வைக்கும் வழக்கம் இந்தியாவில் வேறெங்கும் இவ்வளவு விரிவாக நடந்ததில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் வருடிய நாட்டுடைமை நூல்கள் ஏறத்தாழ இரண்டாயிரம், 2015-16 வாக்கில் விக்கிமூலத்துக்கு வந்து சேர்ந்தன. தன்னார்வலர்கள் இன்றும் அவற்றை மெய்ப்புப் பார்க்கிறார்கள். கவிதைக்கும் நாவலுக்கும் செய்ததைக் கத்தரிக்காய்க்கும் முருங்கைக்கும் செய்ய என்ன தடை? இங்கே பரிவுத்தொகைகூடத் தேவையில்லை. எழுதியவர்கள் அரசுச் சம்பளத்தில் எழுதியவர்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2013-லேயே திறந்த அணுக்கக் கொள்கையை அறிவித்துவிட்டது. மத்திய அரசு 2017-ல் தரவுகளுக்குத் திறந்த உரிமம் கொண்டுவந்தது. மாநிலத்தின் தோட்டக்கலைத் துறையும் வேளாண் பல்கலைக்கழகமும் செய்ய வேண்டியது, இனி அச்சிடும் ஒவ்வொரு கையேட்டின் கடைசிப் பக்கத்திலும் 'பெயர் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம்' என்று ஒரு வரி சேர்ப்பது. பழையவற்றை வருடி இணையக் கல்விக்கழகத்திடம் ஒப்படைப்பது. இலவசமாகக் கொடுக்கவென்றே அச்சடித்த தாளைப் பூட்டி வைப்பதால் யாருக்கும் பைசா லாபம் கிடையாது.

அடுத்தது ஆட்கள். கிண்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தகவல் மற்றும் பயிற்சி மையத்தில் மாடித்தோட்டப் பயிற்சி நடக்கிறது. பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்களும் இல்லத்தரசிகளும் வருகிறார்கள், குறிப்பெடுக்கிறார்கள், கேள்வி கேட்டுத் துளைக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கி, கையிலிருக்கும் போனில் பொதுவகத்துக்குப் படம் ஏற்றுவதையும், கொடுத்த கையேட்டின் பக்க எண்ணைப் போட்டு ஒரு கட்டுரையில் ஒரே ஒரு வரி சேர்ப்பதையும் அங்கேயே செய்ய வைக்கலாம். முழுக் கட்டுரை எழுதச் சொல்லி யாரையும் மிரட்ட வேண்டாம். கூடவே நகரத்துக் கல்லூரிகளின் தாவரவியல் துறை மாணவர் இரண்டு பேர் உட்கார்ந்தால் அறிவியல் பெயரை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மாணவர்களுக்கும் அதில் லாபம்: உலர்ந்த மாதிரியில் பார்த்த செடியை, உயிரோடு வளர்த்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வானகரத்து அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். பயிற்சி ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்றார். கடையில் அன்றுதான் கூட்டம். ஆடிப்பட்ட விதைப்புக்கு முன்னால் வைத்தால் அவரும் இன்னும் நாலு நர்சரிக்காரர்களும் வரத் தயார். கையேட்டைத் தமிழில் கொடுக்கச் சொன்னார். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்றார்.